திறப்பு விழா முடிஞ்ச பிறகும் நிக்கப்போற சிலை
வாசகர் கேள்வி – பதில்

போன இதழில வெண்கல வார்ப்பு பற்றி எழுதின ரெண்டு பந்திக்கு இவ்வளவு கடிதம் வருமெண்டு நான் நினைக்கேல்ல. முக்கால்வாசியும் ஒரே விசயம்தான், பள்ளிக்கூடத்துக்குள்ள இல்லாட்டி கம்பஸுக்குள்ள ஒரு சிலை வைக்கப்போறம், வச்சிட்டம், வச்சது பழுதாப்போச்சு எண்டு. மற்றக் கேள்வியளை அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போட்டு இந்த முறை இதையே எடுக்கிறன்.

கேள்வி: அக்கா, எங்கட கல்லூரிக்கு அடுத்த வருசம் நூறு வயசு. பழைய மாணவர் சங்கத்தால வளவுக்குள்ள ஒரு சிற்பம் வைக்க முடிவெடுத்திருக்கிறம். கொஞ்சப்பேர் ஸ்தாபகரின்ர சிலைதான் வேணும் எண்டு நிக்கினம், கொஞ்சப்பேர் ஸ்டெயின்லஸ் ஸ்டீலில பத்தடி உயரத்துக்கு ஒரு யாழ் வைப்பம் எண்டு சொல்லினம். கடல் எங்கட மதிலில இருந்து நாலு நிமிச நடை. மூண்டு பேரிட்டக் கொட்டேசன் எடுத்திட்டம், விழாவுக்கு எட்டு மாசம் இருக்கு. யாழின்ர படத்தை இதோட அனுப்பியிருக்கிறன். எங்க இருந்து தொடங்கிறது?
– சங்கச் செயலாளர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, அந்தக் கொட்டேசனைக் கொஞ்ச நாளைக்கு மடிச்சு வையுங்கோ. என்ன செய்யிறது, எங்க வைக்கிறது எண்டு முடிவில்லாமல் எடுத்த விலை அது. மூண்டு பேரும் மூண்டு வேற வேற சாமானுக்கு விலை சொல்லியிருப்பினம், ஒராள் ஃபைபருக்கு மேல வெள்ளிப் பெயின்ற் அடிக்கிற கணக்கு, ஒராள் 304 ஸ்டீல், ஒராள் 316 (ரெண்டும் ஸ்டெயின்லஸ் ஸ்டீல் வகை), அதுக்குள்ள குறைஞ்சதைப் பாத்துப் பிடிச்சீங்கள் எண்டால் ரெண்டு மாரி தாண்டாது.

முதல்ல இடம். ஒரு கிழமை இன்ரவல் நேரம் போய் வளவுக்குள்ள நிண்டு பாருங்கோ. பிள்ளையள் எங்க கூடினம், மழை வந்தால் எங்க ஒதுங்கினம், ஸ்கூல் வான் எங்க திரும்புது, பந்து எந்தப் பக்கம் பறக்குது, பதினொரு மணிக்கு நிழல் எங்க விழுது. கமிட்டியள் தெரிவுசெய்யிற இடம் அனேகமாக் கேற்றுக்கு நேர, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில, ஏனெண்டால் அங்கதான் போட்டோ வடிவா வரும். ஆனா அந்த இடத்தில ஒரு பிள்ளையும் நிக்கிறேல்ல, அது விருந்தினரின்ர கார் வந்து போற இடம். நீங்கள் காசு சேக்கிறது பிள்ளையளுக்காக எண்டால் அவை நிக்கிற இடத்துக்குச் சிலை போகவேணும்.

இடம் சரிவந்தாப்பிறகு மூங்கிலும் பழைய சாக்கும் வாங்கி, அதே உயரத்துக்கு ஒண்டைக் கட்டி ஒரு கிழமை நிப்பாட்டி வையுங்கோ. பெரிய செலவில்ல, மேசன் பாஸ் ஒராளும் கையாள் ஒராளும் ஒரு நாளில கட்டிப்போடுவினம். நான் ஒருக்கா ஒரு பள்ளிக்கூடத்துக்கு எட்டடி எண்டு கீறினனான், கடதாசியில சரியான வடிவா இருந்தது, மூங்கிலைக் கட்டி நிப்பாட்டிப் பாத்தால் பக்கத்து வேப்பமரத்துக்குக் கீழ ஆரோ ஒரு அலுமாரியைக் கொண்டுவந்து வச்சிட்டுப் போன மாதிரி நிக்குது. ரெண்டடி குறைச்சன். மூண்டாம் நாள் காலமை போனால் மூங்கில் முழுக்கத் தண்ணிப் போத்தல் தொங்குது, நீலம், ரோஸ், ஒண்டில மூடி இல்லாமல், கீழ ரெண்டு சின்னப் பெட்டையள் சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டு இருந்து கதைக்குதுகள். அதைப் பாத்துத்தான் சிலையின்ர அடியில சுத்திவர ஒரு திண்ணை சேத்தனான். இண்டைக்கும் அங்க போனால் அந்தத் திண்ணை வெறுமையா இருந்து நான் காணேல்ல.

இனி ஸ்தாபகரா யாழா எண்ட சண்டைக்கு வருவம். ஸ்தாபகரின்ர நல்ல படங்கள் நாலைஞ்சு இருந்து, அவரைக் கண்ணால கண்ட ஆக்களும் இருந்தால் சிலை செய்யலாம், தப்பில்ல. ஆனா பாஸ்போட் படம் ஒண்டை மட்டும் வச்சுக்கொண்டு செய்யச் சொன்னால் வாறது முகமூடிதான். ஒருக்கா ஒரு பழைய அதிபரின்ர மார்பளவுச் சிலைக்கு நான் களிமண் பிடிச்சுக்கொண்டிருக்கேக்க, முந்தி அங்க மணி அடிச்ச ஐயா ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்தவை. அவர் முகத்தைப் பாக்கவே இல்ல. கிட்ட வந்து இடது தோளில உள்ளங்கையை வச்சு மெதுவா அமத்தினார், ஈரக் களி ஒரு விரலளவு கீழ இறங்கிச்சு. "சேர் இந்தப் பக்கம் சாய்ஞ்சுதானே பிள்ளை நிப்பார், பைல் கட்டு எப்பவும் இதுக்கதானே" எண்டார். அவற்ற கை பட்ட அந்தப் பள்ளத்தை நான் பிறகு தொடவே இல்ல, அப்பிடியே வெண்கலத்துக்குப் போச்சு. திறப்பு விழாவில கனபேர் அழுதது அந்தத் தோளைப் பாத்துத்தான்.

அமெரிக்காவில ஹாவேட் பல்கலைக்கழகத்தில ஜோன் ஹாவேட் எண்டு ஒரு வெண்கலச் சிலை இருக்கு, 1884 இல டானியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் எண்ட சிற்பி செய்தது. அந்த மனுசன்ர ஒரு படமும் மிஞ்சேல்ல, அதால ஒரு மாணவனை இருத்தி வச்சு முகத்தைச் செய்தவர். பீடத்தில ஸ்தாபகர், 1638 எண்டு வெட்டியிருக்கு, கல்லூரி தொடங்கினது 1636 இல, அவர் ஸ்தாபகரும் இல்ல, காசும் புத்தகமும் எழுதி வச்சுப்போட்டுச் செத்தவர். அதைத்தான் மூண்டு பொய்ச் சிலை எண்டு சொல்லிறவை. ஆனா வாற சனம் தொட்டுத் தொட்டு அவற்ற இடது சப்பாத்து முனை மட்டும் பளபளவெண்டு நிக்குது. கைக்கு எட்டிற உயரத்தில ஒரு கால் இருந்தது, அது போதுமாயிருந்திருக்கு. நீங்கள் ஸ்தாபகரைத்தான் செய்யிறதெண்டால் தயவுசெய்து ஆறடிப் பீடத்துக்கு மேல ஏத்தாதேங்கோ.

என்னைக் கேட்டால் நான் யாழின்ர பக்கம். நூறு வருசம் எண்டது ஒரு ஆளின்ர கதையில்ல. சிக்காகோ பல்கலைக்கழகத்தில 1942 டிசம்பர் 2 ஆம் திகதி ஃபேர்மி எண்ட விஞ்ஞானியின்ர ஆக்கள் முதல்முதலா அணுவின்ர தொடர் தாக்கத்தை நடத்திக் காட்டின இடத்தில, சரியா 25 வருசம் கழிச்சு 1967 இல அதே நாள் ஒரு சிலை திறந்தவை. அவை ஃபேர்மியின்ர முகத்தைக் கேக்கேல்ல. ஹென்றி மூர் எண்ட சிற்பி செய்து குடுத்த 12 அடி வெண்கலம் ஒரு பக்கம் மண்டையோடு மாதிரி, ஒரு பக்கம் குண்டு வெடிச்ச புகை மாதிரி, கீழ்ப்பக்கம் கோயில் மண்டபத்துத் தூணுகள் மாதிரி. நடந்தது நல்லதா கெட்டதா எண்டு அதில நிண்டு பிள்ளையள் இண்டைக்கும் யோசிக்கலாம். அப்பிடி ஒரு சிலை உங்களுக்கும் ஏலும்.

ஆனா நீங்கள் அனுப்பின படம் யாழ் இல்லத் தம்பி. முன்னால தூண் ஒண்டு நிக்குது, அது ஐரோப்பாக்காரரின்ர ஹார்ப். எங்கட யாழ் வில்லு வளைஞ்ச மாதிரி வளைஞ்ச கோடு எண்ட தண்டும், அடியில பத்தர் எண்ட ஒலிப்பெட்டியும், நரம்பும்தான், முன் தூண் கிடையாது. நரம்பையும் எண்ணிப் பாத்தனான், 12 இருக்கு. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 எண்டுதான் பழைய உரைகாரர் கணக்குச் சொல்லியிருக்கினம். விபுலாநந்த அடிகள் வருசக்கணக்கா இருந்து ஆராய்ஞ்ச விசயம் இது, அவர் படிப்பிச்ச இந்த நாட்டிலயே ஒரு தமிழ்க் கல்லூரி 12 நரம்போட யாழ் வச்சால் சங்கீத ரீச்சர் ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதானே போகவேணும். செங்கோட்டியாழ் எடுங்கோ, ஏழு நரம்பு, கோடு துலக்கமா நிக்கும், செலவும் குறையும்.

நரம்புக்கிடையில விடுற இடைவெளி முக்கியம். சின்னப் பிள்ளையள் ஏறி விளையாடுற திடல் சாமானுக்கு வெளிநாட்டில ஒரு விதி வச்சிருக்கினம், மூண்டரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடையில ஒரு ஓட்டை இருக்கக்கூடாதெண்டு, ஏனெண்டால் உடம்பு உள்ளுக்க போகும், தலை மாட்டுப்படும். ஏழு நரம்பை மூண்டு அங்குலத்துக்கு ஒண்டா நெருக்கிக் கட்டலாம், இல்லாட்டி பிள்ளை நுழைஞ்சு வெளியில வாற மாதிரி நல்லா அகட்டலாம். ரெண்டுக்கும் நடுவில வேண்டாம். ஏறுவினம் எண்டு நினைச்சே செய்யுங்கோ, "ஏறாதே" எண்டு போட் எழுதி வச்சு ஒரு பிள்ளையும் நிண்டதில்ல.

சாமான் விசயத்தில நான் பட்ட பாட்டைச் சொல்லுறன். கடலுக்குக் கிட்ட நான் வச்ச முதல் ஸ்டீல் வேலை 304. திறக்கேக்க கண்ணாடி மாதிரி. மே மாசம் தென்மேல் காத்துத் தொடங்கி உப்பை அள்ளி அடிச்சுது, செத்தெம்பரில போய் வெள்ளைக் கைலேஞ்சியால துடைச்சால் தேத்தண்ணி ஊத்தின மாதிரி மண்ணிறம். பிழை என்னில. 316 இல ரெண்டு மூண்டு வீதம் மொலிப்டினம் இருக்கு, அதுதான் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும். பழைய சோனகத் தெருவில வாங்கேக்க காந்தம் வச்சுப் பாத்துச் சொல்லலாம் எண்டு சில பேர் சொல்லுவினம், நம்பாதேங்கோ, 304 உம் காந்தத்தில ஒட்டாது, 316 உம் ஒட்டாது. மில் சேர்ட்டிபிகேற், அதாவது ஸ்டீலுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆலை எழுதித் தாற சான்று, கேளுங்கோ, இல்லையெண்டால் வேற கடைக்குப் போங்கோ. வெல்டிங் பாஸிட்டயும் ஒரு விசயம் திரும்பத் திரும்பச் சொல்லவேணும், சாதாரண இரும்பு தேய்ச்ச கிரைண்டர் டிஸ்க்கை இதில வைக்கக்கூடாது, அந்த இரும்புத் தூள் ஏறி இருந்து அதில இருந்துதான் கறள் தொடங்கும். வெல்ட் அடிச்ச இடமெல்லாத்துக்கும் அசிட் பேஸ்ட் பூசிக் கழுவவேணும். மேற்பரப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லம், சொரசொரப்பா விட்டால் உப்பு அதுக்க குந்தி இருக்கும். பிறகு மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணியால கழுவுறது, முக்கியமா மழை படாத அடிப்பக்கத்தை.

எட்டு மாசம் வெண்கலத்துக்குக் காணாது, ஸ்டீலுக்குக் காணும், ஆனா மாதிரியை ரெண்டு மாசத்துக்குள்ள முடிவெடுக்கவேணும். பிந்தினால் பிந்தட்டும். விழாவண்டு ரெண்டடி மாதிரியை மண்டபத்தில திறவுங்கோ, பெரிசு பேந்து வரட்டும். திகதிக்காக வெல்டை அவசரப்படுத்தின வேலையளை நான் கண்டிருக்கிறன், ஒண்டும் நல்லா முடியேல்ல.

கேள்வி: என்ர மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில டொய்லட் கதவு பூட்டுதில்ல. பிள்ளை பின்னேரம் வரைக்கும் தண்ணி குடிக்காமல் இருந்திட்டு வருது. அதுக்குள்ள சிலைக்குக் காசு தரட்டாம். நீங்கள் சிலை செய்யிற ஆள், உங்களிட்டக் கேக்கிறன், இது நியாயமோ?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: நியாயமில்ல. முதல் கதவைப் பூட்டுங்கோ. நீங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில எழும்பி இதையே சொல்லுங்கோ, நான் சொன்னதெண்டும் சொல்லுங்கோ.

ஆனா ஒண்டு, அம்மா. வடிவான ஒரு பொருள் பிள்ளையின்ர கண்ணுக்கு முன்னால இருக்கிறதை வசதிக்குப் பிறகு வாற ஆடம்பரம் எண்டு மட்டும் நினைச்சிடாதேங்கோ. பிரான்சில 1951 இல இருந்து பள்ளிக்கூடம் கட்டிற செலவில நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைவேலைக்கு ஒதுக்கவேணும் எண்டு சட்டம் வச்சிருக்கினம். அங்க டொய்லட்டும் சிலையும் ஒரே கணக்குக்குள்ள வருது, ஒண்டைப் பறிச்சு மற்றதுக்குக் குடுக்கிறேல்ல. எங்கட பள்ளிக்கூடங்களில சிலை எப்பவும் வேறயா ஒரு உண்டியல், வேறயா ஒரு விழா, அதாலதான் உங்களுக்கு வயிறு எரியுது.

காசு குறைவெண்டால் குறைஞ்ச காசில செய்த பெரிய வேலையும் இருக்கு. வங்காளத்தில தாகூரின்ர சாந்திநிகேதன் வளவுக்குள்ள 1938 இல ராம்கிங்கர் பெய்ஜ் எண்ட சிற்பி ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பத்தைச் செய்தவர், புருசன், பெண்சாதி, பிள்ளை, ஒரு நாய், வீட்டுச் சாமானைக் காவடியில தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்து போகினம். வெண்கலம் வாங்கக் காசில்ல, சிமெந்தும் அந்த ஊர்ச் சிவப்புச் சரளைக் கல்லும்தான். இந்தியாவில பொது இடத்தில வச்ச முதல் நவீன சிற்பம் எண்டு அதைத்தான் கனபேர் சொல்லினம். எனக்கு அதில பிடிச்சது என்னெண்டால் வளவுக்கு வெளியால நடந்து போற ஏழைச் சனத்தை அவர் வளவுக்கு நடுவில கொண்டுவந்து வச்சது. கொடையாளியையோ குருவையோ வைக்கேல்ல.

கேள்வி: நான் சிற்பம் படிச்சு முடிச்சு மூண்டு வருசம். முதல்முறையா ஒரு கல்லூரி ஓடர் தந்திருக்கு. வாய்ப்பேச்சுத்தான், அட்வான்சும் கொஞ்சம் தந்தவை. அதிபர் நல்ல மனுசன், எழுத்தில கேட்டால் நம்பிக்கையில்லை எண்டு நினைப்பாரோ எண்டு பயமா இருக்கு அக்கா.
– தம்பி ஒராள், தெகிவளை

பதில்: அதிபர் நல்ல மனுசன் எண்டதாலதான் இப்பவே எழுதவேணும், ஏனெண்டால் அவர் மாற்றமாகிப் போவார், சிலை அங்கயேதான் நிக்கும். அடுத்து வாறவருக்கு உங்களையும் தெரியாது, பேச்சையும் தெரியாது.

என்ன எழுதுறதெண்டால், மாதிரி செய்யிறதுக்குத் தனிக் காசு, அது பிடிக்காமல் விட்டாலும் திருப்பித் தாறேல்ல. மிச்சத்தை மூண்டாப் பிரியுங்கோ, கையெழுத்தோட ஒண்டு, களிமண் இல்லாட்டி முழு அளவு பாத்து ஓம் எண்டாப்பிறகு ஒண்டு, நிப்பாட்டி முடிய ஒண்டு. களிமண்ணை ஆர் வந்து பாத்து ஓம் சொல்லுறது எண்டு ஒரு பேரை எழுதுங்கோ, ஒரே ஒரு பேர், பன்னிரண்டு பேர் கமிட்டி வந்து ஒவ்வொராளும் ஒவ்வொரு மூக்குச் சொல்லுவினம். அத்திவாரம் ஆற்ற செலவு, கிரேன் ஆற்ற செலவு, இடி தாங்கி ஆர் போடுறது. கல்வெட்டுக்கு முதல் தமிழ் ரீச்சரும் சிங்கள ரீச்சரும் எழுத்தைப் பாத்துக் கையெழுத்து வைக்கவேணும், கருங்கல்லில ஒரு றகரம் பிழைச்சால் பிறகு கல்லையே மாத்தவேணும். உங்கட பேர் எங்க, எவ்வளவு பெரிசா வரும் எண்டதையும் இப்பவே எழுதுங்கோ.

பிறகு பராமரிப்பு. நான் இப்ப எந்த வேலையிலயும் பத்தில ஒரு பங்கை வங்கியில நிலையான வைப்பில போட்டு அதின்ர வட்டியில சிலையைப் பாக்கச் சொல்லித்தான் கேக்கிறன். முதல்ல முகம் சுழிப்பினம், விளங்கப்படுத்தினால் ஒத்துக்கொள்ளுவினம்.

எங்கட நாட்டில 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு, அதில ஆக்கியவருக்குத் தார்மீக உரிமை எண்டு ஒண்டு குடுத்திருக்கினம், வேலையை வித்தாப்பிறகும் உங்கட பேர் அதில இருக்கவேணும், உங்கட பேருக்குக் கெடுதல் வாற மாதிரி அதை உருமாத்தக்கூடாது. டில்லியில விக்யான் பவன் எண்ட அரசாங்க மண்டபத்தில அமர்நாத் சேகல் எண்ட சிற்பி செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979 இல திருத்த வேலைக்கெண்டு கழட்டி எங்கயோ போட்டவை, துண்டுகள் உடைஞ்சும் துலைஞ்சும் போச்சு. அவர் கோட்டுக்குப் போய் 2005 இலதான் தீர்ப்பு வந்தது, மிஞ்சினதைத் திருப்பிக் குடு, அஞ்சு லட்சம் இந்திய ரூபா நட்டஈடும் குடு எண்டு. கழட்டினதில இருந்து தீர்ப்பு வர 26 வருசம். அவ்வளவு தூரம் போகாமல் இருக்கத்தான் ரெண்டு பக்கக் கடதாசி.

நான் எழுதாமல் விட்டதொண்டைச் சொல்லுறன். ஒரு கல்லூரிக்குச் செய்த வெண்கலத்துக்கு நாலு நாள் இருந்து, சுடவச்சுச் சுடவச்சு, மருந்து பூசி, மூத்த பனங்கொட்டையின்ர கறுப்பும் மண்ணிறமும் கலந்த ஒரு நிறம் கொண்டுவந்தனான். ரெண்டு வருசம் கழிச்சு ஆரோ பெரிய ஆள் வாறார் எண்டு முதல் நாள் பின்னேரம் ரெண்டு ரின் தங்கப் பெயின்ற் வாங்கி அடிச்சுப்போட்டினம். முகச் சுருக்கமெல்லாம் நிரம்பிப்போச்சு. அன்பாலதான் அடிச்சவை, பழசாத் தெரியுதாம். நிறத்தையும் பெயின்றையும் சேத்துத்தான் உரிக்கவேண்டி வந்தது, அந்த நிறம் திரும்ப வரேல்ல. "நிறம் மாத்திறதெண்டால் சிற்பியைக் கேட்டு" எண்டு ஒரு வரி இருந்திருந்தால் காணும்.

கேள்வி: எங்கட கம்பஸில ஒரு சம்பவத்தை நினைவுகூர நாங்கள் செய்த மாதிரியை முதல்ல ஓம் எண்டுபோட்டுப் பிறகு "வன்முறை தெரியுது" எண்டு நிறுத்திவச்சிட்டினம். போராடுறதோ, மாத்திக் குடுக்கிறதோ?
– நுண்கலை மாணவி ஒராள்

பதில்: பிள்ளை, உங்களுக்கு முதல் இது பெரிய சிற்பி ஒராளுக்கே நடந்தது. 1970 மே 4 ஆம் திகதி அமெரிக்காவில கென்ற் ஸ்டேற் பல்கலைக்கழகத்தில படையாக்கள் சுட்டு நாலு மாணவர் செத்தவை. அதுக்கு நினைவாச் செய்யச் சொல்லி ஜோர்ஜ் சீகலிட்டக் கேக்க, அவர் பைபிளில வாற ஆபிரகாமும் ஈசாக்கும் கதையை எடுத்தார், தகப்பன் கையில கத்தி, மகன் முழங்காலில. பல்கலைக்கழகம் ஏலாதெண்டுட்டுது. அவர் மாத்திச் செய்யேல்ல, சிலை பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு, இண்டைக்கும் அங்கதான் நிக்குது. சிலைக்கு ஒண்டும் நடக்கேல்ல, இழந்தது கென்ற் ஸ்டேற் எண்டுதான் நான் நினைக்கிறன்.

ஆனா மற்றப் பக்கமும் பாருங்கோ. நியூயோக்கில ரிச்சட் செராவின்ர 120 அடி நீள இரும்பு வளைவை 1981 இல ஒரு அரசாங்கக் கந்தோர் முற்றத்துக்குக் குறுக்கால வச்சவை, அங்க வேலை செய்யிற சனம் சுத்திச் சுத்தி நடக்கவேண்டி வந்து கொதிச்சுப்போய் நிண்டவை, கடைசியில 1989 இல ராவோட ராவா வெட்டி எடுத்தாச்சு. அந்தச் சனத்திட்ட முதல்ல ஆரும் கேக்கேல்ல எண்டதுதான் என்ர மனசில நிக்குது. நீங்கள் மாத்த முதல், உங்கட மாதிரியைக் கன்ரீனுக்கு முன்னால ஒரு மேசையில வச்சு மூண்டு நாள் பக்கத்தில நில்லுங்கோ. பாத்த பிள்ளையள் என்ன சொல்லினம் எண்டு கொப்பியில எழுதி அதோட நிர்வாகத்திட்டப் போங்கோ. அவை பயப்படுறது நிர்வாகத்துக்காகவோ பிள்ளையளுக்காகவோ எண்டு அப்ப விளங்கும். பிள்ளையளுக்கே நோகுதெண்டால் மாத்துங்கோ. இல்லையெண்டால் மாத்தாதேங்கோ.

கேள்வி: முப்பது வருசப் பழைய கொங்கிறீற்றுச் சிலை, கையில வெடிப்பு, முழங்கையில கறள் வழியுது. இனாமல் பெயின்ற் அடிச்சு மூடலாமோ?
– சித்திர ஆசிரியர், கல்கிசை

பதில்: வேண்டாம் சேர். உள்ளுக்க கம்பி கறள் பிடிச்சால் இரும்பாயிருந்ததை விடக் கன இடம் பிடிக்கும், அது வீங்கித்தான் கொங்கிறீற்றை வெடிக்கவைக்குது, மேல இனாமல் அடிச்சால் ஈரம் உள்ளுக்க நிண்டு இன்னும் கெதியாத் தின்னும். சின்னச் சுத்தியலால மெதுவாத் தட்டிக்கொண்டு வாங்கோ, பானை மாதிரிச் சத்தம் வாற இடமெல்லாம் கழண்டுபோச்சு. முதல் படம் எடுங்கோ, எல்லாப் பக்கமும். பிறகு கழண்டதை உடைச்சு, கம்பியின்ர பின்பக்கமும் வெளியில தெரியத் தோண்டி, பளபளக்கத் தேய்ச்சு, சிங்க் பிரைமர் அடிச்சு, ரிப்பேர் மோட்டர் எண்ட சிமெந்துச் சாந்தால நிரப்பவேணும். கழுவாத கடல் மண்ணை மேசன் பாஸ் தவறியும் கலக்க விடாதேங்கோ. புதுசாச் செய்யிற ஆக்களுக்கும் இதையே சொல்லுறன், கடற்கரைப் பக்கம் கம்பிக்கு மேல ரெண்டு அங்குலம் கொங்கிறீற்று மூடவேணும். மெல்லிய விரல், மெல்லிய கம்பி எண்டு வடிவுக்காகச் செய்தால் முதல்ல விழுறது அந்த விரல்தான்.

கேள்வி: நான் ஏ.எல். இல சித்திரம் படிக்கிறன். கொழும்பில நல்ல சிலை எங்க பாக்கலாம்?
– மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: ஒரு லீவு நாள் காலமை கொழும்பு நூதனசாலைக்குப் போங்கோ, 1877 இல திறந்தது. பொலநறுவைச் சிவாலயங்களில கிடைச்ச வெண்கலங்கள் அங்க இருக்கு. நடராசரைப் பாக்கேக்க முகத்தில தொடங்காமல் ஊண்டின வலக்காலில தொடங்கி மேல போங்கோ, தூக்கின காலின்ர பாரம் முழுக்க எதுக்கால இறங்குது எண்டு கொப்பியில கீறிப் பாருங்கோ, கீறினால்தான் தெரியும். அப்பிடியே பின்னேரம் காலிமுகத்திடலுக்கு வந்தால் பண்டாரநாயக்கவின்ர பெரிய சிலை நிக்கும், லெவ் கேர்பல் எண்ட சோவியத் சிற்பி செய்தது, அங்கால பழைய பாராளுமன்ற வளவில இராமநாதன், அருணாசலம் ரெண்டு பேரின்ர சிலையும். கடற்காத்துக்க நிக்கிற உலோகச் சிலை எதையும் பாக்கேக்க நாடிக்குக் கீழயும் கக்கத்துக்குள்ளயும் பாருங்கோ, மழைத்தண்ணி போகாத இடம் அது, உப்பு அங்கதான் இருக்கும், நிறம் மாறத் தொடங்கிறதும் அங்க இருந்துதான்.